மூச்சுக் கருவியின் கணக்கு நோட்டு

குறட்டை விட்டுத் தூங்குபவரைப் பார்த்தால் "என்னமா அசந்து தூங்குகிறார்" என்று சொல்வது வழக்கம். உண்மை பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானது. குறட்டை விடுபவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் ஒரு நிமிடம் வரை மூச்சே இல்லை! ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. காலையில் எழுந்தால் இது எதுவும் அவருக்கு நினைவில் இருக்காது. இதன் பெயர்தான் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சுத் தடை.

நோயாளிக்கே தெரியாமல் நடக்கும் நோய் என்பதால், இதன் வரலாறு முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இரவில் நடந்ததை யார் எழுதி வைப்பது? எழுதியதை யார் படிப்பது?

கழுத்தில் ஓட்டை போட்ட காலம்

பகலெல்லாம் தூங்கி விழும் பருமனான பையன் ஒருவனைச் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37ல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் காணலாம். அந்த நாவலின் பெயரை வைத்தே 1956ல் மருத்துவர்கள் ஒரு நோய்க்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்பதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டியது 1965ல்தான். பிரான்சில் காஸ்டோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் தனித்தனியாக அதைச் செய்தார்கள். 1976ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்லெமினோ குழுவினர் 'ஸ்லீப் ஆப்னியா சிண்ட்ரோம்' என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள்.

பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே உறுதியான வழி, கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகுவது. உயிர் பிழைக்கலாம், ஆனால் வாழ்நாள் முழுக்க கழுத்தில் ஓட்டையோடு இருக்க வேண்டும். எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

சிட்னியில் ஒரு இரவு

1980 ஜூன் மாதம். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவனிடம் வந்த ஒரு நோயாளி கழுத்துத் துளைக்கு மறுத்துவிட்டார். சல்லிவன் அதற்கு முன் நாய்களின் தூக்கத்தில் மூச்சு எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்தவர். அவருக்கு ஒரு யோசனை. மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினால், பலூனுக்குள் காற்று இருந்தால் அது சுருங்காதது போலத் தொண்டையும் அடைக்காது அல்லவா?

காற்று ஊதும் மோட்டார், குழாய், மூக்கில் ஒட்டிய முகமூடி. அவ்வளவுதான் கருவி. நோயாளி இரவு முழுவதும் தடையில்லாமல் தூங்கினார். ஐந்து நோயாளிகளின் முடிவுகளோடு 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளிவந்தது. பயன்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் மட்டுமே. கத்தி தேவைப்பட்ட இடத்தில் காற்றே போதும் என்று ஆனது! இந்தச் சிகிச்சைக்கு 'சி-பேப்' என்று பெயர். 1985 முதல் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

கருவி கணக்கு எழுதத் தொடங்கியது

மாத்திரையை விழுங்கினால் வேலை முடிந்தது. சி-பேப் அப்படியல்ல. ஒவ்வொரு இரவும் முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும். "தினமும் மாட்டுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால் யார்தான் "இல்லை" என்பார்?

ஆரம்பத்தில் கருவிக்குள் ஒரு மணிக்கணக்கு மீட்டர் மட்டும் இருந்தது. ஆனால் முகமூடியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு மோட்டாரை ஓடவிட்டாலும் மீட்டர் ஏறும். கிரிப்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்தது. 35 நோயாளிகளின் கருவிகளுக்குள் ஒரு நுண்செயலியை வைத்து, முகமூடியில் உண்மையில் அழுத்தம் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்தார்கள். சராசரியாக ஒருவருக்கு 106 நாட்கள். நோயாளிகளுக்கு இது தெரியாது.

1993ல் வெளியான முடிவு பலரை யோசிக்க வைத்தது. தினமும் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். ஆனால் ஒழுங்காகப் பயன்படுத்துபவர் என்ற வரையறைக்குள் வந்தவர்கள் 35ல் 16 பேர்தான். தாங்கள் பயன்படுத்தும் நேரத்தையும் நோயாளிகள் சராசரியாக 69 நிமிடம் கூட்டிச் சொன்னார்கள்.

ஆக, இந்தக் கருவியின் தரவு நோயாளிக்கு உதவுவதற்கு முன்பே அவரைத் தணிக்கை செய்யப் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

நான்கு மணி நேரம் விதியான கதை

அந்த ஆய்வில் 'ஒழுங்கான பயன்பாடு' என்பதற்குக் கொடுத்த வரையறை இதுதான்: குறைந்தது 70 சதவீத நாட்களில், நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது. நோயாளிகளை இரு குழுவாகப் பிரிக்க ஆய்வாளர்கள் போட்ட கோடு அது. நான்கு மணி நேரத்தில் நோய் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் எண்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் இறங்காது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2008ல் இதே கோட்டை விதியாக்கியது. முதல் மூன்று மாதங்களுக்குள், தொடர்ச்சியான ஏதாவது 30 நாட்களில் 70 சதவீத இரவுகள் நான்கு மணி நேரம் பயன்படுத்தியதாகக் கருவியின் பதிவு காட்ட வேண்டும். இல்லையென்றால் கருவிக்குப் பணம் தொடராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாளில் 70 சதவீதம் என்றால் 21 இரவுகள். ஒருவர் 21 இரவுகள் நான்கு நான்கு மணி நேரம் மாட்டினால் மொத்தம் 84 மணி நேரம். அவர் தேர்ச்சி! இன்னொருவர் 20 இரவுகள் ஏழு ஏழு மணி நேரம் மாட்டினால் 140 மணி நேரம். அவர் தோல்வி! நுரையீரலுக்கும் இதயத்துக்கும் யார் அதிகம் நன்மை செய்தார் என்று கேட்டால் பதில் வேறு, பில் கட்டுபவர் சொல்லும் பதில் வேறு.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2000களில் கருவிகள் சின்ன மெமரி கார்டில் எழுதத் தொடங்கின. 2014ல் வந்த 'ஏர்சென்ஸ் 10' போன்ற கருவிகளில் செல்போன் இணைப்பே உள்ளே இருந்தது. காலையில் நோயாளி பல் துலக்குவதற்குள் அவருடைய இரவு எங்கோ ஒரு சர்வரில் ஏறிவிடும்.

அதில் முக்கியமான எண் ஏ.ஹெச்.ஐ. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அது. பத்து விநாடிக்குக் குறைவானவை கணக்கில் வராது. ஐந்துக்குக் கீழ் இருந்தால் நல்லது, 30க்கு மேல் என்றால் கடுமையான நோய்.

இங்கே ஒரு சிக்கல். தூக்க ஆய்வுக்கூடத்தில் மூளை அலைகளை வைத்துத் தூங்கிய நேரத்தால் வகுப்பார்கள். வீட்டுக் கருவிக்குத் தூக்கம் தெரியாது, தான் ஓடிய நேரத்தால் வகுக்கும். எட்டு மணி நேரம் முகமூடி மாட்டி ஐந்து மணி நேரமே தூங்கியவருக்கு 30 தடைகள் வந்தால், கருவி 3.75 என்று காட்டும். உண்மையில் அது 6. நல்ல மதிப்பெண்ணுக்குள் ஒரு நோய் ஒளிந்துகொள்கிறது! அதேபோல் முகமூடி ஓரத்தில் காற்று அதிகம் கசிந்தால், மூச்சைக் கணிக்கும் கணக்கே தடுமாறும். கசிவைப் பார்க்காமல் ஏ.ஹெச்.ஐ.யை மட்டும் பார்ப்பது, செலவுப் பக்கத்தை மூடிவிட்டு வரவை மட்டும் படிப்பது போல. இந்த வேறுபாடுகளால்தான், கருவி தரும் எண்ணுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று 2013ல் அமெரிக்கத் தொராசிக் சங்கம் பரிந்துரைத்தது.

நோட்டு உரியவர் கைக்கு வந்தது

மருத்துவரும் காப்பீட்டாரும் படித்த இந்த நோட்டை நோயாளி விரிவாகப் படிக்க வழியில்லாமல் இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு மென்பொருளாளர் 2011ல் 'ஸ்லீப்பிஹெட்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். மெமரி கார்டைக் கணினியில் செருகினால் ஒவ்வொரு மூச்சின் அலையையும் பார்க்கலாம். 2019ல் அவர் அதை நிறுத்தியதும், தன்னார்வலர்கள் அதன் திறந்த மூல நிரலிலிருந்து 'ஆஸ்கார்' என்ற மென்பொருளை உருவாக்கித் தொடர்ந்தார்கள். தன் இரவு எப்படிப் போனது என்று ஒருவர் தானே பார்ப்பது அப்போதுதான் சாத்தியமானது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 2016ல் வெளியான 'சேவ்' ஆய்வைப் பாருங்கள். 2,717 பேரிடம் நடந்த அந்தப் பெரிய ஆய்வில், சி-பேப் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைக்கவில்லை என்று முடிவு வந்தது. ஆனால் கருவியின் பதிவுப்படி அவர்கள் மாட்டியிருந்த சராசரி நேரம் இரவுக்கு 3.3 மணி. சிகிச்சை பயன்படவில்லையா, அல்லது சிகிச்சை முழுதாக நடக்கவே இல்லையா? அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கழுத்துத் துளைக்கு மறுத்த அந்த சிட்னி நோயாளிக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படவில்லை. காலையில் தெளிவாக விழித்தார், அதுவே அவருக்குச் சான்று. பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் எண்கள் குவிந்தன. அவை நோயாளியைச் சோதிக்க எழுதப்பட்டவை என்றாலும், அவரே படிக்கும்போதுதான் அவருக்குப் பயன்படுகின்றன. கணக்கு யார் எழுதினாலும், அந்த மூச்சு அவருடையது அல்லவா!