மாஃபுஷிக்குப் போறதுக்கு முதல்

"மாலைதீவு போறதெண்டால் எவ்வளவு முடியும்?" எங்கட வயதுக்காரர் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்ப அடிக்கடி வருகிற கேள்வி இது. பதிலும் கையோடு வரும். முகவர் தேவையில்லை. விசா இறங்கின இடத்திலேயே 30 நாளுக்கு இலவசம். கொழும்பிலிருந்து விமானம் ஒன்றரை மணித்தியாலம் அளவில். மாலேயில் இறங்கி, பொதுப் படகில் ஏறினால் இன்னொரு ஒன்றரை மணித்தியாலத்தில் மாஃபுஷி. கெஸ்ட்ஹவுஸை போனிலேயே பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை போவதாக இருந்தால் படகு ஓடுதா என்று முதலே பாருங்கோ, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லித்தர யூடியூபில் கனபேர் இருக்கிறார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டுக்கு முதல் இப்படி ஒரு பயணத்தை யாரும் போயிருக்க முடியாது என்பதை அவர்கள் சொல்வதில்லை. கையில் காசு இருந்தாலும் முடியாது. சட்டம் விடவில்லை. அந்தச் சட்டம் ஏன் வந்தது, எப்படிப் போனது என்ற கதையில் மாஃபுஷிக்கு ஒரு பங்கு உண்டு. எங்கட நாட்டுக்கும் உண்டு.

யாருடைய பொதியிலும் சேராமல் தன்பாட்டில் மாலைதீவுக்குப் போன பிரபலமான ஆள் இபுனு பதூதா. 1343இல் போனவரை அங்கே காதியாக்கி வைத்துக்கொண்டார்கள். 1344இல் ஒருவழியாக வெளிக்கிட்டு, புத்தளத்தில் கரையேறி, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மாலைதீவிலிருந்து வெளியூர்களுக்குப் போகிற உலர்ந்த மீனைப் பற்றியும் எழுதி வைத்தார். அந்த மீன் வேறொன்றுமில்லை, எங்கட சம்பலுக்குள் போடுகிற மாசிதான்.

இந்த மாசிதான் கதையின் திருப்பம். நூற்றாண்டுக் கணக்கில் மாலைதீவின் பெரிய சந்தை இலங்கை. படகில் மாசி வரும், அரிசியும் துணியும் திரும்பிப் போகும். மாலைதீவு 1965 ஜூலை 26இல் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்ற ஒப்பந்தம்கூடக் கொழும்பில்தான் கையெழுத்தானது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்டுபோனது. இறக்குமதியை இறுக்கினார்கள், மாசியும் அதில் அடிபட்டது. எங்கட வீடுகளில் அந்தக் காலத்தை மரவள்ளிக்கிழங்கோடும் பாண் வரிசையோடும் நினைவு வைத்திருப்பார்கள். அதே காலத்தில் அங்கே ஒரு நாட்டின் முக்கியமான வருமானமே ஆட்டம் கண்டது.

இந்த நேரத்தில்தான் ஜோர்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் ஆள் படாத தீவுகளைத் தேடிக் கொழும்புக்கு வந்தார். இங்கிருந்த மாலைதீவுத் தூதரகத்தில் வேலை செய்த அஹமட் நசீம் என்ற இளைஞரைச் சந்தித்தார். 1972இன் தொடக்கத்தில் இத்தாலியப் பயணிகள் குழு ஒன்று மாலேக்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் முதலாவது ரிசோர்ட் திறந்தார்கள். அதன் பெயர் குரும்பா. திவெஹி மொழியில் இளநீர்த் தேங்காய். சிங்களத்திலும் குரும்பா, எங்களுக்குக் குரும்பை. சொல் மூன்று கரையையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1978இல் மஃமூன் அப்துல் கையூம் ஜனாதிபதியானார். 1981இல் ஹுல்ஹுலேயில் சர்வதேச விமான நிலையம் வந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்பது நடைமுறையானது. ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்குக் கொடுக்கும். ஜெட்டி, மின்சாரம், தண்ணீர் எல்லாம் அங்கேயே தனியாக இருக்கும். வெள்ளைக்காரர் விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே போவார், நேரே திரும்பி வருவார்.

1970களில் முதுகுப் பையோடு வந்து ஊர்த் தீவுகளில் மீனவர் வீடுகளில் தங்கிய பயணிகளும் இருந்தார்கள். 1980களின் நடுப்பகுதியோடு அந்தக் கதவு மூடப்பட்டது. மக்கள் வாழும் தீவில் வெளிநாட்டவர் இரவு தங்க அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. மதுவும் நீச்சலுடையும் முஸ்லிம் மக்களின் வாழ்க்கையைக் குழப்பிவிடும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பணம் எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும். தீவுகள் குத்தகைக்குக் கிடைத்தது அதிகாரத்துக்குக் கிட்ட இருந்தவர்களுக்கும் பெரிய வர்த்தகர்களுக்கும். பக்கத்து ஊர்த் தீவில் இருப்பவனுக்கு ரிசோர்ட்டில் சம்பளத்துக்கு வேலை கிடைக்கலாம். தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட அவனுக்கு உரிமை இல்லை.

இனி மாஃபுஷிக்கு வருவோம். மாலேக்குத் தெற்கே சுமார் 27 கிலோமீற்றரில், ஒன்றேகால் கிலோமீற்றர் நீளமான தீவு. இன்றைக்கு இது கெஸ்ட்ஹவுஸ் தீவு. அன்றைக்கு மாலைதீவில் இந்தப் பெயரைச் சொன்னால் ஞாபகம் வருவது சிறைச்சாலை. இப்பவும் அந்தச் சிறை அங்கேதான் இருக்கிறது.

2003 செப்டெம்பரில் ஈவான் நசீம் என்ற 19 வயதுக் கைதியைச் சிறைக் காவலர்கள் அடித்துக் கொன்றார்கள். இதைக் கண்டு சக கைதிகள் கொதித்தெழ, காவலர்கள் சுட்டார்கள். இன்னும் சிலர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். ஈவானின் தாய் பிள்ளையின் உடலை மூடிப் புதைக்க விடவில்லை. காயங்களை எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்தார். மாலேயில் சனம் தெருவுக்கு வந்தது, அரச கட்டடங்கள் எரிந்தன. 25 வருடமாக அசையாமல் இருந்த ஆட்சி முதல்முறையாக ஆடினது.

அரசியல் கட்சிகளுக்கு அங்கே அப்போது இடமில்லை. அதனால் மாலைதீவு ஜனநாயகக் கட்சியை 2003 நவம்பரில் அறிவித்தது கொழும்பில் இருந்துகொண்டு. எங்கட சனம் நாட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு நாட்டுக்காரர் அரசியல் செய்ய இந்த நாட்டுக்கு ஓடி வந்தார்கள். யோசித்தால் விசித்திரம்தான். 2005இல் கட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2008இல் புதிய அரசியலமைப்பு. அதே ஆண்டு நடந்த முதலாவது பல கட்சி ஜனாதிபதித் தேர்தலில் கையூம் தோற்றார். பலமுறை சிறையில் கிடந்த பத்திரிகையாளர் மொஹமட் நஷீட் ஜனாதிபதியானார்.

அந்த அரசாங்கம்தான் தீவுகளுக்கிடையில் பொதுப் படகுச் சேவையைத் தொடங்கினது. ஊர்த் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தவும் வழி திறந்தது. 2010 அளவில் மாஃபுஷியில் முதலாவது கெஸ்ட்ஹவுஸ் வந்தது. 2012இல் நஷீட் பதவியிழந்தார், பிறகு ஆட்சிகள் மாறின. ஆனால் திறந்த அந்தக் கதவை யாரும் மூடவில்லை. 2024இல் மாலைதீவுக்குப் போன பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். அந்நாட்டின் சனத்தொகையே சுமார் 5 இலட்சம்.

ஆக, நாங்கள் போனில் பதிவு செய்கிற அந்த மலிவான அறை, சும்மா கிடைத்த கழிவு விலை இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் உடலை மறைக்க மறுத்ததிலிருந்து அது தொடங்குகிறது.

இதற்காக இன்றைய மாஃபுஷியை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சின்னத் தரைக்குள் கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழும்பிவிட்டது. சில கெஸ்ட்ஹவுஸ்கள் ஹோட்டல் அளவுக்கு வளர்ந்துவிட்டன. வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பங்களாதேஷ் தொழிலாளர்கள். நீச்சலுடையில் குளிப்பதற்கென்று கடற்கரையில் ஒரு பகுதியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தீவில் மது கிடையாது, குடிக்க வேண்டுமென்றால் கடலில் நிற்கிற படகுக்குப் போக வேண்டும். முந்தி ஊருக்கும் பயணிக்கும் இடையில் கடல் இருந்தது, இப்ப ஒரு வேலி இருக்கிறது. ஆனாலும் கடலை விட வேலி சின்னது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கதைக்கலாம்.

கதைக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒரு திகதியும் உண்டு. 1988 நவம்பர் 3. அன்று அதிகாலை, அப்துல்லா லுதுஃபி என்ற மாலைதீவு வர்த்தகரின் ஆட்சிக் கவிழ்ப்புக்காக, இலங்கையிலிருந்து படகில் போன சுமார் 80 பேர் மாலேயைத் தாக்கினார்கள். அவர்கள் புளொட் அமைப்பின் ஆட்கள். தமிழ் இளைஞர்கள். கையூம் உதவி கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து வந்த இந்தியப் பரசூட் படை ஹுல்ஹுலேயில் இறங்கியது. பணயக் கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மறித்தது. மாலைதீவுப் படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் சிலருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள்.

எங்கட இயக்க வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவோம். எங்களுக்கு நடந்தவற்றைச் சொல்லவே எங்களுக்கு நேரம் போதாது, உண்மைதான். ஆனால் எங்களில் சிலர் இன்னொரு சின்னச் சனத்துக்குச் செய்ததையும் நாங்கள்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு வழி தேடித் திசை தெரியாமல் நின்ற இளைஞர்களை யாரோ ஒருவரின் பதவிக்காகக் கடல் கடந்து கொண்டுபோன கதை அது.

ஆகவே முதல்முறை போகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற குறிப்புகள் சின்னன். போகும்போது பொதுப் படகில் போங்கோ, அது அந்த மக்கள் போராடி எடுத்தது. உள்ளூர்க்காரர் நடத்துகிற இடத்தைத் தேடிப் பிடியுங்கோ. ஊருக்குள் நடக்கும்போது தோளையும் முழங்காலையும் மூடுங்கோ. சிறை மதிலைக் கண்டால் செல்ஃபி எடுக்காமல், அங்கே செத்த 19 வயதுப் பொடியனை நினையுங்கோ. நவம்பர் 3 அங்கே விடுமுறை நாள். அன்றைக்கு அங்கே நின்றால், "நீங்கள் எந்த ஊர்?" என்று யாராவது கேட்கக்கூடும். தமிழர் என்றும் இலங்கை என்றும் தயங்காமல் சொல்லுங்கோ. அந்த நாள் என்ன நாள் என்று உங்களுக்கும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.