கொச்சிக் காயலும் மகளின் பங்கும்

ஒருவர் ஈட்டிய பொருள் அவர் மறைவுக்குப் பின் யாரைச் சேர வேண்டும் என்னும் வினா, மனிதன் நிலத்தை உழுது வேலி கட்டிய நாள் முதல் இருந்து வருவதாகும். இவ்வினாவுக்கு ஒவ்வொரு சமுதாயமும் தனக்கேற்ற விடையைக் கண்டது. சில இடங்களில் வழக்கமே விடையாயிற்று. சில இடங்களில் அரசின் சட்டம் விடையாயிற்று. இறப்பவர் தம் கைப்பட எழுதி வைக்கும் உயில் மற்றொரு விடையாயிற்று. இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதிய வரலாற்றைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொச்சியில் வாழும் தமிழராகிய நாம் நாள்தோறும் கடந்து செல்லும் காயலின் கரைகளிலேயே அது நிகழ்ந்திருக்கிறது.

தாயம், தாயாதி, உரிமை, பங்கு என்பன தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள். உயில் என்னும் சொல்லோ ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். மலையாளத்தில் இதனை ‘ஒஸ்யத்து’ என்பர். அது அரபு மொழியின் ‘வசிய்யத்’ என்னும் சொல்லினின்று வந்தது. இரு மொழிகளும் இச்சொல்லைக் கடல் கடந்து வந்தோரிடமிருந்தே பெற்றமை கருதத்தக்கது. கூட்டுக் குடும்பத்தின் சொத்து ஒருவருடையதன்று. ஆகவே அதனைத் தம் விருப்பப்படி எழுதி வைக்கும் அதிகாரமும் ஒருவருக்கில்லை. மருமக்கட்டாயம் நிலவிய மலையாள நாட்டுத் தறவாடுகளின் நிலையும் அதுவே. ‘எனது’ என்று தனியொருவர் சொல்லத்தக்க பொருள் பெருகிய பின்னரே உயிலுக்கு வேலை வந்தது.

காயல் நடுவே சட்ட எல்லைகள்

தேவராக் கரையில் நின்று மேற்கே நோக்கினால், வில்லிங்டன் தீவும் அதற்கப்பால் மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் அமைந்துள்ளன. தெற்கே கும்பளம் கடந்தால் அரூர். 1967 நவம்பர் 1இல் எறணாகுளம், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி ஆகிய நகராட்சிகள் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. ஆனால் இந்திய விடுதலைக்கு முன்னர் இவை ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல.

கோட்டைக் கொச்சியை டச்சுக்காரர் 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறி, பின்னர்ச் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாயிற்று. டச்சுக் காலக் கொச்சி ஆவணங்களின் பெருந்தொகுதி இன்றும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது இத்தொடர்பின் சான்றாகும். கோட்டையை ஒட்டிய மட்டாஞ்சேரியும், காயலுக்கு இப்பாலுள்ள எறணாகுளமும் தேவராவும் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தன. அரூரோ திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஓடத்தில் ஏறி அரைநாளில் சுற்றி வரத்தக்க நிலப்பரப்பில் மூன்று ஆட்சிகள், மூன்று சட்டங்கள்.

இதன் பயனை மிகவும் உணர்ந்தவர்கள் இப்பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்மக்களே ஆவர். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அவர் வாழ்ந்த கரையே தீர்மானித்தது.

ஆங்கிலேயர் ஆண்ட கோட்டைக் கொச்சியில் 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், அதன் பின்னர் 1925ஆம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் இருந்தன. இச்சட்டம் எழுந்ததற்குச் சற்று முன், 1863இல், சென்னை மாகாணத்துப் பல்லாரியில் எழுந்த ஆபிரகாம் குடும்ப வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. மதம் மாறிய குடும்பம் பழைய இந்து வழக்கத்தைத் தொடரலாம், அல்லது அதனைக் கைவிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்வகை ஐயங்களுக்கு இடமின்றிப் பொது விதி ஒன்றை 1865ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதன்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு; எஞ்சியது மக்களுக்கு. மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை.

கொச்சி அரசு கொல்லம் 1097இல் கொச்சிக் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது. பொதுவாக இது 1921ஆம் ஆண்டுச் சட்டம் எனப்படும். இதன்படி மகனுக்குரிய பங்கில் மூன்றில் ஒரு பகுதியே மகளுக்கு உரியது. மட்டாஞ்சேரியிலும் தேவராவிலும் செல்லுபடியானது இதுவே.

திருவிதாங்கூரின் சட்டம் இன்னும் கடுமையானது. கொல்லம் 1092இல், அதாவது 1916இல், அது இயற்றப்பெற்றது. மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு. அதுவும் ஸ்ரீதனம் பெறாத மகளுக்குத்தான். ஸ்ரீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலும், கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலும், மகளுக்கு உரிமை இல்லை. விதவைக்கு அசையாச் சொத்தில் கிடைத்தது வாழ்நாள் அனுபவம் மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் நீங்கும்.

இவ்விதியின் இரு சொற்களை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒன்று, ‘வாக்களிக்கப்பட்டிருந்தாலும்’ என்பது. கைக்கு வராத ஸ்ரீதனமும் கையிலிருந்த உரிமையைப் பறித்தது. மற்றொன்று, ‘எது குறைவோ அது’ என்பது. மகனுக்கு 40,000 ரூபாய் கிடைக்குமாயின் அதில் நான்கில் ஒன்று 10,000. ஆயினும் மகள் பெறுவது 5,000. 1916இல் 5,000 ரூபாய் பெருந்தொகை. பின்வந்த காலத்தில் நிலத்தின் விலை பன்மடங்காயிற்று. மகனின் பங்கு நிலத்தோடு வளர்ந்தது. மகளின் பங்கு எண்ணோடு நின்றுவிட்டது.

ஆயினும் கிறிஸ்தவர் அனைவரும் ஒரே வழக்கத்தைக் கொண்டிருக்கவில்லை. திருவிதாங்கூரின் குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழ்ந்த இலத்தீன் கத்தோலிக்கரும் சில புராட்டஸ்டண்டுப் பிரிவினரும் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அச்சட்டமே அவர்களுக்கு விலக்களித்தது. சமபங்கு என்பது இம்மண்ணுக்கு அந்நியமானது என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

ஸ்ரீதனமும் சீதனமும்

திருமணத்தின்போது பெற்றதையே மகளின் பங்காகக் கொள்ளும் முறை யாழ்ப்பாணத் தமிழரிடையேயும் உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமையில், முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து மூவகையாகப் பகுக்கப்பட்டது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்பதில்லை. மேலோட்டமாக நோக்கின் திருவிதாங்கூர் விதியும் இதுவும் ஒன்றெனத் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சீதனம் பெரும்பாலும் காணியும் வீடுமாய் அமைந்து, மனைவியின் தனிச் சொத்தாகவே கருதப்பட்டது. கேரளக் கிறிஸ்தவரிடையே ஸ்ரீதனம் பெரும்பாலும் பணமாகக் கைமாறிக் கணவன் வீட்டாரிடம் சேர்ந்தது. பெயர் ஒன்றாயினும், ஒன்று பெண்ணின் பெயரில் நின்றது. மற்றொன்று அவள் பெயரைச் சொல்லி வேறொருவர் கையில் சேர்ந்தது.

1951 ஏப்ரல் 1

1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. 1951இல் ‘பி’ பிரிவு மாநிலங்களின் சட்ட நீட்டிப்பு ஏற்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இம்மாநிலத்துக்கும் வந்தது. அப்படியாயின் பழைய அரசுகளின் சட்டங்கள் உயிரோடிருந்தனவா, மறைந்தனவா? முப்பத்தைந்து ஆண்டுகள் பலரை அலைக்கழித்த வினா இது. திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் பழைய சட்டம் நிலைத்திருக்கிறது என்றது.

இவ்வழக்கு தமிழகத்திலும் எழுந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர்ச் சட்டம் பற்றிய ஐயமும் உடன் வந்து சேர்ந்தது. சாலமன் – முத்தையா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 1951ஆம் ஆண்டிலேயே அப்பழைய சட்டம் நீங்கிவிட்டது என்று 1974இல் தீர்ப்புரைத்தார். பெண்களுக்கு நம்பிக்கையளித்த அக்கருத்தை, செல்லையா நாடார் – லலிதா பாய் வழக்கில் 1978இல் வெளியான இரு நீதிபதிகள் ஆயத்தின் தீர்ப்பு ஏற்கவில்லை. ஆகவே நீலகிரியில் உள்ள கிறிஸ்தவ மகளுக்குச் சமபங்கு, கன்னியாகுமரியில் உள்ளவருக்கு நான்கில் ஒன்று என ஒரே தமிழகத்தில் இரு நீதிகள் நின்றன.

மேரி ராய் வழக்கு

இந்நிலையை மாற்றியவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய் அம்மையார். அவர் தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். மண வாழ்விலிருந்து பிரிந்து, இரு குழந்தைகளோடு உதகமண்டலத்தில் தந்தைக்குரிய வீட்டில் அம்மையார் வாழ்ந்த நாளில், தந்தையின் சொத்தில் மகளுக்கு இடமில்லை என்ற பேச்சு எழுந்தது. உதகை தமிழகத்தில் இருந்தமையால் அங்குத் திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லவில்லை. பிறந்த ஊராகிய கேரளத்தில் அது குறுக்கே நின்றது. 1983இல் அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1986 பிப்ரவரி 24இல் தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாதக்கும் தீர்ப்பளித்தனர். 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் நீங்கிவிட்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பது தீர்ப்பு. அரசியலமைப்பின் சமத்துவ உரிமையை அச்சட்டம் மீறுகிறதா என்னும் பெரிய வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. கூற வேண்டிய தேவை எழவில்லை என்றது. சட்டமே இல்லாதபோது அதன் குற்றத்தை ஆராய்வதேன் என்பது அதன் நோக்கு. இக்காரணம் கொச்சிச் சட்டத்துக்கும் பொருந்துவதே.

தீர்ப்பு முன்தேதியிட்டு முப்பத்தைந்து ஆண்டுகளைத் தொட்டமையால் கேரளத்தில் பெருங்கலக்கம் எழுந்தது. பிரிக்கப்பட்ட பாகங்கள், விற்கப்பட்ட நிலங்கள், வங்கிகளில் ஈடு வைக்கப்பட்ட தோட்டங்கள் அனைத்தும் கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சினர். பழைய பாகப்பிரிவினைகளைக் காக்க 1994இல் ஒரு மசோதா உருவாயிற்று, அது சட்டமாகவில்லை. வழக்கில் வென்ற மேரி ராய் அம்மையாரும் தம் பங்கைக் கையில் பெறக் கீழ் நீதிமன்றங்களில் மேலும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவர் 2022 செப்டம்பர் 1இல் மறைந்தார்.

உயிலின் இரு முகங்கள்

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. மேரி ராய் வழக்கின் வெற்றி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பற்றியது மட்டுமே. தந்தை பேசாதபோது சட்டம் பேசும். தந்தை எழுதிவிட்டால் சட்டம் வாய் மூடும். இதனை உணர்ந்த பலர் 1986க்குப் பின் மகள்களை விலக்கி உயில் எழுதத் தொடங்கினர். மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறும் வழக்கமும் பரவியது. எந்தச் சட்டம் சமபங்கு தந்ததோ, அதே சட்டம் அளித்த உயிலுரிமையைக் கொண்டே சமபங்கு நீக்கப்பட்டது. வாசல் வழியாக வந்த நீதி சாளரம் வழியாக வெளியேறியது எனலாம்.

உயிலுரிமையிலும் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் ஒருவர் அறப்பணிக்குச் சொத்தை எழுதி வைப்பதாயின், இறப்புக்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன் உயிலை எழுதி, எழுதிய ஆறு மாதங்களுக்குள் சட்டம் குறித்த இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றது 118ஆம் பிரிவு. இறக்கும் நாளை முன்னறிந்தவர் யார்? கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் புரோபேட் பெற வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து இந்தியக் கிறிஸ்தவர்களை நாடாளுமன்றம் 2002இல் விலக்கியது. கொச்சி இந்துக்களுக்கு இக்கட்டாயம் இல்லையாயினும், சென்னை நகரில் வீடு வைத்திருந்த கொச்சித் தமிழ்க் குடும்பங்கள் அவ்வீட்டின் பொருட்டுப் புரோபேட் பெற வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்தது.

உயிலுக்கு வேண்டுவன அதிகமில்லை. தெளிந்த மனம், எழுதியவரின் கையொப்பம், அதனைக் கண்டு கையொப்பமிடும் சாட்சிகள் இருவர். கிறிஸ்தவரின் உயிலில் சாட்சியிட்டவருக்கோ அவர் வாழ்க்கைத் துணைக்கோ அதில் எழுதிய கொடை செல்லாது. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவு கட்டாயமில்லை. இத்துணை எளிய தாள், ஒரு குடும்பத்தை ஒன்றுபடுத்தவும் வல்லது. மூன்று தலைமுறை வழக்காடச் செய்யவும் வல்லது.

இன்று தேவராவிலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் பாலம் கடந்து செல்வோர் எல்லைக்கல் எதனையும் காண்பதில்லை. நாட்டின் எல்லைகள் அழிந்தன. சட்டத்தின் எல்லைகளும் 1986இல் அழிந்தன. எஞ்சியிருப்பது வீட்டுக்குள் இருக்கும் எல்லை. அதனை எந்த நீதிமன்றமும் முழுதாக அழித்துவிட முடியாது. பேனா பிடிக்கும் தந்தையும் தாயுமே அழிக்க முடியும். உயில் எழுத அமர்வோர், மகனின் பெயருக்கு அருகே மகளின் பெயரையும் ஒரே அளவில் எழுதுவாராயின், மூன்று கரைகளில் மூன்றாகப் பிரிந்து கிடந்த நீதி அத்தாளில் ஒன்றாகும்.