ரெசிடெண்ட் என்ற பெயர் எப்படி வந்தது?



போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. இப்போது வெளியூரில் அறுவை சிகிச்சை மேற்படிப்பு படிக்கிறாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம். டியூட்டியும் பார்க்கிறாளாம். "லீவு கேட்டியாம்மா?" என்றேன். "அதெல்லாம் கேட்கவே கூடாது டீச்சர்" என்று சிரித்தாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்று ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். 1884ல் கார்ல் கொல்லர் என்பவர், கொக்கெயின் கரைசலை விட்டால் கண் மரத்துப்போகும் என்று காட்டினார். உடனே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட்டும் சக மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் தங்கள் உடம்பிலேயே அந்த ஊசியைப் போட்டுச் சோதித்தார்கள். நரம்பை மரத்துப்போகச் செய்யும் முறை கிடைத்தது. ஆனால் அதில் பலர் போதைக்கு அடிமையானார்கள். அவரும்தான். 1886ல் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். கொக்கெயினை விடுவிக்க மார்ஃபின் கொடுத்தார்கள்; பிறகு அதுவும் ஒட்டிக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். வில்லியம் வெல்ச் என்ற நண்பர் அவரைப் பால்டிமோருக்கு அழைத்து, தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்தார். 1889ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அதன் தலைமை அறுவை சிகிச்சை நிபுணராகவும், பிறகு பேராசிரியராகவும் ஆனார். அறுவை அரங்கில் ரப்பர் கையுறை வந்ததற்கும் அவரே காரணம். (கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு நர்ஸுக்காகச் செய்யச் சொன்னார், அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார்!) மார்ஃபின் மட்டும் விடவில்லை. உடன் வேலை பார்த்த ஓஸ்லருக்கு அது தெரியும். எழுதி வைத்தார்; மூடி வைத்த அந்தக் குறிப்பு 1969ல்தான் வெளியே வந்தது. ஹால்ஸ்டெட் 1922லேயே இறந்துவிட்டார்.

இப்படிக் கருணையால் பிழைத்தவர், தன்னிடம் பயின்றவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்? ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். ரெசிடெண்ட் என்றால் அங்கேயே வசிப்பவர் என்றுதான் பொருள். இரவு பகல் எந்நேரமும் அழைப்பு வரும். உதவியாளராகச் சுமார் 6 ஆண்டு, ஹவுஸ் சர்ஜனாக 2 ஆண்டு. அவரோ கோடையில் மாதக்கணக்கில் ஊரில் இருக்கமாட்டார். கொக்கெயின் வேகத்தில்தான் இப்படி ஒரு முறையை உண்டாக்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியில் பார்த்துவந்த பயிற்சி முறையின் சாயல் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அவருக்குக் கிடைத்த கருணை அந்த முறைக்குள் நுழையவில்லை.

நோயுற்ற மருத்துவரைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளிப்படையாகப் பேசியதே 1973ல்தான். சக மருத்துவர் வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தால் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது, அது கடமை என்றது.

வேலை நேரம் குறைய ஒரு சாவு வேண்டியிருந்தது. 1984 மார்ச்சில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு நியூயார்க் மருத்துவமனைக்கு வந்தாள். பார்த்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். ஒரே ஆள் பல நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்தோடு ஒத்துப்போகாத ஊசி போடப்பட்டது. விடிந்தபோது உயிர் இல்லை. பத்திரிகையாளரான அவளுடைய அப்பா விடவில்லை. 1989ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நாடு முழுக்க அது வர 2003 ஆயிற்று.

80 மணி நேரம்தான் குறைத்த கணக்கு என்பதையும் கவனியுங்கள்.

அந்தப் பிள்ளை இதைப் படிப்பாள். அம்மாடி, காய்ச்சல் விட்டதா? எந்நேரமானாலும் பரவாயில்லை, போன் பண்ணு.