ஒரே பானைச் சோறு

கெண்டோ என்னும் ஜப்பானிய வாட்கலையின் கோடைப் பயிற்சி முகாமைக் 'கஷ்ஷுகு' என்பர். சேர்ந்து தங்குதல் என்பது பொருள். எதிர்த்து நிற்கும் கலைக்குச் சேர்ந்து தங்குவானேன்?

18ஆம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் கவசமும் பரவிய பின்னரே, ஊறுபடாமல் முழு வலிமையுடன் அடித்துப் பழக இயன்றது. முகாமில் மூத்தவர் தம் தலையை வேண்டுமென்றே காவாது விட்டு, இளையவரின் அடியை ஏற்றுக் கற்பிப்பதைக் காண்கிறோம்.

1945இல் போரில் தோற்ற ஜப்பானில், போர்வெறியை வளர்த்த கலையெனக் கருதி, நேச நாட்டு ஆட்சி கெண்டோவைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. 1952இல் தோன்றிய அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு, மனிதப் பண்பைச் செம்மைப்படுத்தலே இக்கலையின் நோக்கமென 1975இல் வரையறுத்தது.

அவ்வரையறைக்கு உரை தேடும் நாம் முகாமையே நோக்க வேண்டும். தோழரை 'ஒரே பானைச் சோறுண்டவர்' எனச் சுட்டுவது ஜப்பானியர் வழக்கு. அடித்தவரும் அடிவாங்கியவரும் மாலையில் அப்பானையைச் சுற்றியே அமர்கின்றனர்.