சுவரேறிய கப்பல்

வீட்டுச் சுவரில் படம் மாட்டுவதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அப்படிப்பட்டவர்களின் வீடுகளிலும் மூன்று படங்களைப் பார்க்கலாம் என்று தாமஸ் கிளார்க்சன் 1806-இல் எழுதினார். வில்லியம் பென் அமெரிக்கப் பழங்குடியினரோடு செய்த உடன்படிக்கை ஒன்று. அக்வர்த் பள்ளிக்கூடத்தின் வரைபடம் இன்னொன்று. மற்றது ஓர் அடிமைக் கப்பல்.

அந்தக் கப்பலை லண்டனில் அச்சிட்டவர் ஜேம்ஸ் பிலிப்ஸ். லம்பார்ட் தெருவை ஒட்டிய ஜார்ஜ் யார்டில் அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் நடத்திய குவேக்கர். அடிமை முறையை எதிர்த்துக் கிளார்க்சன் எழுதிய கட்டுரையை 1786-இல் நூலாகக் கொண்டுவந்தவரும் அவரே. மறு ஆண்டு மே 22 அன்று அவர் கடையில் 12 பேர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒரு குழு அமைத்தார்கள். அதில் ஒன்பது பேர் குவேக்கர்கள். சத்தியப் பிரமாணம் எடுக்க மறுப்பவர்கள் என்பதால் அவர்களில் யாரும் நாடாளுமன்றத்துக்குள் போய் உட்கார முடியாது. பேச்சை வேறொருவர் பேசிக்கொள்ளட்டும், தாளும் மையும் நம்மிடம் இருக்கின்றன என்ற நிலை.

கப்பலின் பெயர் புரூக்ஸ். லிவர்பூலில் 1781-இல் கட்டப்பட்டது. உரிமையாளர் ஜோசப் புரூக்ஸின் பெயரையே தாங்கியது. அடிமைக் கப்பல்களை அளந்து வர 1788-இல் அரசே கடற்படை அதிகாரி கேப்டன் பேரியை அனுப்பியது. அதே ஆண்டில் வந்த டால்பென் சட்டம், ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று உச்சவரம்பு வைத்தது. புரூக்ஸுக்கு 454 பேர். அதற்கு முந்தைய பயணம் ஒன்றில் அது 609 பேரை ஏற்றியிருந்தது.

அந்த அளவுகளை வைத்து முதல் படத்தைப் போட்டவர்கள் பிளிமத் ஊரின் அடிமை வணிக எதிர்ப்புக் குழுவினர். 1789 வசந்தத்தில் பிலிப்ஸ் அதை விரித்து, தளம் தளமாக, பக்கவாட்டுத் தோற்றமும் சேர்த்து அச்சிட்டார். ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 16 அங்குல அகலம். சிறுமிக்கு நாலரை அடி நீளம், ஒரே அடி அகலம். பக்கவாட்டில் ஒட்டிய பலகைத் தட்டுகளில் கிடப்பவர்களுக்கு எழுந்து உட்காரக்கூட உயரமில்லை. படத்தில் சவுக்கோ கண்ணீரோ கிடையாது. சட்டம் வகுத்த வரம்பையொட்டிய கணக்குத்தான். மிகைப்படுத்தினார்கள் என்று அடிமை வணிகர்கள் எங்கே போய்ச் சொல்வது? அளந்தது அரசாங்கத்தின் ஆள். இதைத்தான் ஒரு தொழில்காரரின் சாமர்த்தியம் என்பேன்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அந்த உருவங்களுக்கு முகமில்லை, பெயரில்லை. ஏற்றியவன் கண்ணில் எப்படித் தெரிந்தார்களோ அப்படியே நமக்கும் தெரிகிறார்கள். ஆனால் தானே அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா இக்வியானோ, பிளிமத் படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அவர் தன் வாழ்க்கையைத் தன் பெயரிலேயே நூலாக்கியதும் அதே 1789-இல்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படம் வேகமாகப் பரவியது. அந்த ஆண்டிலேயே பிலடெல்பியாவில் மேத்யூ கேரி அதை மறுபதிப்பு செய்தார். புரட்சி வெடித்திருந்த பாரிசுக்குக் கிளார்க்சன் கையோடு எடுத்துப் போனார். அதைக் கண்ட புரட்சித் தலைவர் மிராபோ, மரத்தில் ஒரு மாதிரிக் கப்பலே செய்யச் சொன்னார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்துக்கு எதிராகப் பேசிய வில்பர்ஃபோர்ஸுக்காகச் செய்த மரக்கப்பல் இன்றும் ஹல் நகரில், அவர் பிறந்த வீட்டில் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே அசல் புரூக்ஸ் மறுபடியும் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் ஆட்களை ஏற்றி வந்துகொண்டுதான் இருந்தது. அடிமை வணிகத்தைத் தடை செய்த 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்க்கப் பிலிப்ஸ் இல்லை, 1799-இலேயே இறந்துவிட்டார். அவருடைய மகன்கள் வில்லியமும் ரிச்சர்டும் பாறைகளின் மேல் பித்துக் கொண்டவர்கள். அந்த 1807-இல் லண்டன் புவியியல் கழகத்தைத் தொடங்கிய சிலரில் இருவரும் உண்டு.

படம் இன்னும் பாடப்புத்தகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சுற்றுகிறது. 1979-இல் பாப் மார்லியின் 'சர்வைவல்' இசைத்தட்டு வந்தபோது, அட்டையில் தலைப்பு எழுத்துகளோடு சேர்ந்து கிடந்ததும் இதே புரூக்ஸ்தான்.