வில்வண்டியிலிருந்து காற்றுவில் வரை: மதுரை வட்டாரத்தில் வாகனப் பயணச் சுகத்தின் வரலாறு

சாலையின் மேடுபள்ளம் பயணியின் முதுகெலும்பை எட்டாமல் தடுப்பதற்காக, சக்கரத்துக்கும் வண்டியின் உடற்பகுதிக்கும் இடையே வைக்கப்படும் அமைப்பு சஸ்பென்ஷன் எனப்படுகிறது. தமிழில் இதற்கு நிலைத்த ஒரே கலைச்சொல் இல்லை. தாங்கமைப்பு என்றும் தொங்கலமைப்பு என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அதன் உயிரான உறுப்புக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: வில். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம் வழியாக இன்று விமான நிலையத்துக்கு விரையும் விலையுயர்ந்த எஸ்.யூ.வி. வாகனங்களுக்கும், அதே மண்ணில் ஓடிய மாட்டுவண்டிகளுக்கும் இடையே உள்ள உறவு இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டு பழைய சொகுசு எஸ்.யூ.வி. ஏன் குலுக்குகிறது, அதை எப்படிக் கண்டறிந்து சரிசெய்வது என்ற இன்றைய கேள்விக்கும் அந்த வரலாற்றின் வழியே போனால்தான் தெளிவான விடை கிடைக்கிறது.

வில்லில்லாத வண்டியும் வில்வண்டியும்

சுமை ஏற்றும் பழைய மாட்டுவண்டியில் வில் கிடையாது. குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா என்று அமைந்த பெரிய சக்கரத்தின் அச்சு நேரடியாக வண்டியின் சட்டத்தைத் தாங்கியது. சக்கரம் பெரிதாக இருந்ததால் சிறு குழிகளில் விழாமல் கடந்தது. அது ஒன்றே அந்த வண்டியின் தாங்கமைப்பு. ஆள் ஏறும் கூண்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்தார்கள். நவீனப் பொறியியல் மொழியில் சொன்னால், இருக்கைதான் அதிர்வை உறிஞ்சியது.

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் நீள்வட்ட வடிவ எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளின் தோற்றமும் எடையும் அதன்பின் மாறின. இந்த வகைப் பட்டை வில் இந்தியாவுக்கு வந்து, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே பொருத்தப்பட்டபோது பிறந்ததுதான் வில்வண்டி. நிலக்கிழார்களும் வசதி படைத்த வணிகர்களும் அதை வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவருக்கு வில்வண்டி இருக்கிறது என்பது இன்று வீட்டு வாசலில் பெரிய எஸ்.யூ.வி. நிற்பதற்கு இணையான செய்தி.

பட்டை வில்லின் சிறப்பு எளிமையில் இருக்கிறது. பல எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வளையும்போது அவற்றுக்கிடையே உராய்வு ஏற்படுகிறது. அந்த உராய்வே ஆட்டத்தை அடக்குகிறது. துருப்பிடித்தால் அந்த உராய்வு மிகுந்து வில் இறுகிவிடும். பட்டை ஒன்று உடைந்தாலும் வண்டி வீடு வந்து சேரும். இந்தப் பொறுமை பிற்காலத்துக் காற்றுவில்லுக்குக் கிடையாது.

டி.வி.எஸ். பேருந்துகளின் காலம்

திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) மதுரையை மையமாகக் கொண்டு 1911-ல் தொடங்கிய நிறுவனம் தென் தமிழகச் சாலைப் போக்குவரத்தின் போக்கை மாற்றியது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் அதன் பேருந்துகளும் லாரிகளும் ஓடின. பேருந்து வந்த சாலைகளோ மாட்டுவண்டிகளுக்கானவை. மாடுகளின் லாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் டயர்களைக் குத்தின. காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் முன்னே ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பது மதுரையில் இன்றும் சொல்லப்படும் செய்தி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுவில் பேருந்து ஓட்டும் கருவியையும் இந்நிறுவனம் உருவாக்கியது.

நம் பொருளுக்கு இதைவிட முக்கியமானது ரப்பர். தேய்ந்த டயருக்குப் புதுத்தடம் ஒட்டும் பணியில் இறங்கிய இக்குழுமம், பின்னர் கோச்சடையில் வாகனங்களுக்கான ரப்பர் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலையை நடத்தியது. பயணச் சுகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வில்லைப் பற்றியே எழுதுகிறார்கள், ரப்பரை மறந்துவிடுகிறார்கள். 1888-ல் டன்லப் உருவாக்கிய காற்று டயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாய்ச்சல். மாட்டுவண்டிக்கே டயர் வந்து ‘டயர் வண்டி’ ஆனபோது, வில் இல்லாமலேயே பாதிச் சுகம் கிடைத்துவிட்டது.

அம்பாசடரும் ஜீப்பும்

1950-களின் இறுதியிலிருந்து சாலைகளை ஆண்ட அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். முன்பக்கம் முறுக்குத்தண்டு, பின்பக்கம் பட்டை வில், 15 அங்குலச் சக்கரம், பருத்த டயர். நுட்பத்தில் பழையது. இருந்தும் அதன் பின்னிருக்கை சுகமானது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழமைப் பற்று அல்ல. உயரமான டயர்ச் சுவரும் பஞ்சு மெத்தைபோன்ற இருக்கையும் நிறைய உறிஞ்சின. மகிந்திரா ஜீப் நேர் எதிரானது. நான்கு மூலையிலும் பட்டை வில், குறைந்த எடை, குட்டையான சக்கர இடைவெளி. ஆள் குறைவாக இருந்தால் குதிக்கும்.

2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் இந்த இரண்டு மரபும் ஒன்றில் கலந்தன. திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி பஜேரோவும், மறைமலைநகரில் 2003 முதல் ஃபோர்டு எண்டெவரும் தயாராயின. அந்த முதல் எண்டெவரின் பின்பக்கத்தில் இருந்தது பட்டை வில்தான். விலை சொகுசு வாகனத்தினது, பின்னச்சு லாரியினது. 2007-ல் சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தது. ஆடி, மெர்சிடஸ், ரேஞ்ச் ரோவர் ஆகியவற்றின் பெரிய வண்டிகளும் மதுரைச் சாலைகளில் தென்பட்டன. அவற்றில் பல காற்றுவில் கொண்டவை.

காற்றுவில் என்ற பேராசை

எஃகுக்குப் பதிலாக ரப்பர் பைக்குள் அடைத்த காற்றின்மேல் வண்டியைச் சுமக்கச் செய்யும் எண்ணம் பழையது. 1957-ல் காடிலாக் எல்டொராடோ ப்ரோமில் ஜெனரல் மோட்டார்ஸ் அதைச் செய்து பார்த்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் பல உரிமையாளர்கள் சுருள்வில்லுக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்று மதுரைப் பட்டறைகளில் நடக்கும் விவாதம் அப்போதே நடந்துவிட்டது. பிரான்சின் சித்ரோயன் 1955-ல் டி.எஸ். காரில் எண்ணெயையும் வாயுவையும் சேர்த்து வேறு வழி கண்டது. 1992-ல் ரேஞ்ச் ரோவர் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் காற்றுவில்லை நான்கு சக்கர இயக்க வாகனத்துக்குக் கொண்டுவந்தது. தமிழகப் பொதுமக்கள் இதை அறிந்தது காரில் அல்ல, கண்ணாடியில் ‘ஏர் பஸ்’ என்று எழுதிக்கொண்ட ஆம்னி பேருந்துகளில்.

எது சுகம் என்பதை அளந்தவர்கள்

ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்ற மாரிஸ் ஆலி, 1930-களில் வண்டியின் எடையை முன்பின் நகர்த்திச் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார். முன்வில் பின்வில்லைவிட மெதுவாக ஆடவேண்டும். அப்படியானால், மேடு முதலில் முன்சக்கரத்தையும் சற்றுப் பின்னர் பின்சக்கரத்தையும் தாக்கினாலும் இரண்டு ஆட்டமும் ஒன்றுசேர்ந்து வண்டி தொட்டில்போல் தலையசைக்காமல் சமமாக எழுந்து அடங்கும். மனித உடல் செங்குத்து அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடுவதையே மிகவும் வெறுக்கிறது. நல்ல காரின் உடற்பகுதி வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும். சக்கரமோ தனியாக 10 முறைக்கும் மேல் துடிக்கும். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பழைய எஸ்.யூ.வி.யின் நோயைப் பாதி கண்டறிந்த மாதிரி.

நோயறிதல்

குலுக்கல் என்பது ஒரே நோய் அல்ல. அலையலையான சாலையில் வண்டி எழுந்து, ஒரே மூச்சில் அடங்காமல் இரண்டு மூன்று முறை மிதந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. சிறிய கூரிய மேட்டில் ‘டம்’ என்று இடித்தால் டயரையும் ரப்பர் புஷ்களையும் சந்தேகிக்க வேண்டும். வழவழப்பான நான்குவழிச் சாலையில் 80, 100 கி.மீ. வேகத்தில் மட்டும் நடுங்கினால் சக்கரச் சமநிலை அல்லது உருக்குலைந்த டயர். வேகத்தடையில் ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது ‘கடக்’ என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்.

வேகத்தடை நல்ல சோதனைக்களம், ஆனால் எது வேகத்தடை என்று பார்க்கவேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்கவேண்டும். உள்சாலைகளில் தார்க்கட்டிபோல் எழுப்பப்பட்டவற்றில் எந்த வண்டியும் இடிக்கும். அதைக் கொண்டு வண்டியைக் குறை சொல்ல முடியாது.

முதலில் செலவில்லாததைச் செய்வதே முறை. விடியலில், வண்டி ஓடுவதற்குமுன் டயர்க் காற்றை அளக்கவேண்டும். வெப்பம் 10 பாகை செல்சியசு ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். சித்திரை வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அளந்த எண் பொய் சொல்லும். டயர்ச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். தடம் தேயாமலிருந்தும் ரப்பர் மரக்கட்டையாகிப் போன டயர்கள், குறைவாக ஓடும் சொகுசு வண்டிகளில்தான் அதிகம். ரன்ஃபிளாட் டயர், காற்றிறங்கினாலும் வண்டியைத் தாங்குவதற்காகச் சுவர் தடித்தது. அதன் இடியைச் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துப் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு. மொத்த விட்டம் மாறாமல் 20 அங்குலச் சக்கரத்தை 19 அல்லது 18-ஆகக் குறைத்து டயர்ச் சுவரை உயர்த்தினால், பிரேக் காலிப்பர் இடம் கொடுக்கும் பட்சத்தில், வேறெதையும் தொடாமலேயே பெரிய மாற்றம் தெரியும். அம்பாசடரின் ரகசியமும் இதுதான்.

அடுத்தது புஷ். மதுரையின் வெப்பமும் தூசியும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. உள்ளே எண்ணெய் அடைத்த புஷ்ஷில் கசிவுக் கறை தெரியும். இங்கே பட்டறைகளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரையிறங்கியதும் புதிய ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கிறது. வண்டி இறுக்கமாகவும் ஓடும், சில மாதங்களில் புஷ்ஷும் கிழியும். வண்டியின் இயல்பு உயரத்தில் வைத்துத்தான் இறுதி முறுக்கு கொடுக்கவேண்டும். பானெட்டை அழுத்தி எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை, இரண்டு டன் எடையுள்ள வண்டியில் அதிகம் சொல்லாது.

காற்றுவில் வண்டியில் முக்கியமான சான்று இரவில் கிடைக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து குறித்து, காலையில் மீண்டும் அளக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் அந்தப் பையோ அதற்கான குழாயோ. ஓரச்சின் இரு பக்கமும் தாழ்ந்தால் வால்வுத் தொகுதியையும் பார்க்கவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்ப்பது பழைய பஞ்சர் கடை வித்தை, இங்கும் பலிக்கும். ஆனால் பையின் மடிப்பில் உள்ள வெடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே கசியும். எனவே உயர்த்தியும் தாழ்த்தியும் தடவவேண்டும். இந்தச் சோதனையின்போது ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. காற்று வெளியேறினால் வண்டி எச்சரிக்காமல் இறங்கும்.

மிகுந்த செலவு வைக்கும் தவறு கம்ப்ரசரில் நடக்கிறது. பை சிறிதாகக் கசியும்போது அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி எரிந்துபோகிறது. எரிந்த கம்ப்ரசரைக் கண்டதும் அதை மட்டும் மாற்றுகிறார்கள். கசிவு அப்படியே இருப்பதால் புதியதும் அதே வழியில் போகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தியும் காலப்போக்கில் நிறைந்து, வால்வுகளுக்குள் ஈரத்தை அனுப்பும்.

சுருள்வில்லுக்கு மாறுவதா?

சொகுசு எஸ்.யூ.வி. முதல் உரிமையாளரிடமிருந்து மூன்றாமவர் கைக்கு வரும்போது, புதிய சிறு காரின் விலைக்கே கிடைப்பதுண்டு. உதிரிப்பாகத்தின் விலை மட்டும் இறங்குவதில்லை. அதனால் காற்றுப்பைகளைக் கழற்றிச் சுருள்வில் பூட்டுகிறார்கள். காடிலாக் உரிமையாளர்கள் செய்ததும் இதுவே. மாற்றினால் ஏழு பேர் ஏறும்போது பின்பக்கம் தாழ்வதைத் தானாகச் சமன்செய்யும் வசதி போகும். உயர உணரிகள் அனுப்பும் செய்தி பொருந்தாததால் எச்சரிக்கை விளக்கு எரியும், சில வண்டிகளில் முகப்பு விளக்கின் கோணமும் தவறி எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்யும். வில்லின் வலிமை வண்டியின் எடைக்கும் பழைய ஷாக்குக்கும் பொருந்தாவிட்டால் ஆலி கண்டறிந்த முன்பின் ஒத்திசைவும் கெடும். பை ஒன்று மட்டும் கசிந்து, கம்ப்ரசர் நலமாக இருக்கும் வண்டியில் இந்த மாற்றத்துக்கு நியாயமில்லை. பைகள், கம்ப்ரசர், வால்வுத் தொகுதி மூன்றும் ஒருசேரப் போன வண்டியில், அந்தந்த வண்டிக்கென்றே கணக்கிட்டுச் செய்த வில் கிடைத்தால் மாற்றலாம். அப்போதும் டயர், புஷ், ஷாக் மூன்றையும் பார்த்துமுடித்த பிறகே வில்லில் கைவைக்கவேண்டும்.