சாவகத் தீவில் காணத்தக்கன

சாவகம் என்னும் பெயர் தமிழர் செவிக்குப் புதியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து அரசாளும் நாடு சாவகம். அதன் தலைநகர் நாகபுரம். காப்பியம் சுட்டுவது இன்றைய ஜாவாத் தீவையேயா, அன்றிச் சுமத்திராவும் மலாய்க் கரையும் அடங்கிய ஒரு பொதுப்பெயரா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் பெயர்ப் பழக்கத்தால் அத்தீவின்மீது நம்மவர்க்கு ஒருவகை உரிமையெண்ணம் வேரூன்றிவிட்டது. ஜாவாவின் பெருங்கோயில்கள் சோழர் எடுப்பித்தவை என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கேட்டுக் கைதட்டியும் வருகிறோம். பயணக் குழுவோடு சேராமல் குடும்பத்தோடு தம் விருப்பம்போல் சுற்றிவர எண்ணும் அன்பர்கட்கு அத்தீவில் காணத்தக்கன எவை என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவை யார் படைத்தவை என்பதையும் உடன் தெரிந்துகொண்டு செல்வது நலம்.

முதலில் காலக் கணக்கைத் தெளிவு செய்துகொள்வோம். போரோபுதூர் எழுந்தது கி.பி. எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். பிரம்பானான் சிவாலயத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 856. அப்பொழுது தஞ்சையில் பெரிய கோயிலும் இல்லை, இராசராசனும் இல்லை. இராசேந்திரனின் கடற்படை சென்ற ஆண்டு 1025. அது தாக்கியது சுமத்திராவையும் மலாய்த் தீபகற்பத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசை. சோழர் வணிகக் குழுவினர் தமிழிலே பொறித்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்திருப்பதும் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் பகுதியிலேதான். ஆகவே நடு ஜாவாவின் கற்கோயில்களைச் சோழர் கணக்கில் எழுதுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. உண்மை இன்னும் சுவையானது. போரோபுதூரை எடுப்பித்த சைலேந்திரர் என்னும் குலப்பெயரைத் தாங்கிய ஸ்ரீவிஜய மன்னனே, இராசராசன் காலத்தில், நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டுவித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்ட செய்தியைச் செப்பேடு சொல்கிறது. கட்டியவர் அவர், இடமும் ஊரும் தந்தவர் நாம்.

பயணத்தை ஜகார்த்தாவில் தொடங்குவோம். பெருநகரின் நெரிசலில் நாள்களைச் செலவிடத் தேவையில்லை. தேசிய அருங்காட்சியகம் ஒன்று போதும். வாயிலில் நிற்கும் வெண்கல யானை, சயாம் மன்னர் சுலாலங்கார்ன் 1871-இல் வந்தபோது அளித்தது. 2023-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் மூடிக் கிடந்த அக்காட்சியகம் 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே தேடிக் காண வேண்டியது தூகுக் கல்வெட்டு. ஐந்தாம் நூற்றாண்டில் தாருமா நாட்டை ஆண்ட பூர்ணவர்மன் என்பான், 6,122 வில் நீளமுள்ள ஒரு கால்வாயை 21 நாள்களில் வெட்டி முடித்து, அந்தணர்க்கு ஆயிரம் பசுக்களைத் தானம் செய்தான் என்கிறது அது. மொழி வடமொழி, எழுத்தோ தென்னாட்டுப் பல்லவ எழுத்தின் இனம். தமிழகத்திற்கும் ஜாவாவிற்கும் உள்ள ஐயத்திற்கிடமற்ற பழந்தொடர்பு இந்த எழுத்துத்தான். அவ்வெழுத்திலிருந்து அவர்கள் ‘காவி’ என்னும் வரிவடிவத்தை உருவாக்கினர். காவியிலிருந்து பிறந்ததே ஜாவாவின் மரபெழுத்து. யோக்யகர்த்தாவின் தெருப்பெயர்ப் பலகைகளில் இன்றும் அதனைக் காணலாம். கால்வாயும் வெள்ளமும் அந்நாட்டுக் கவலைகள். எழுத்து மட்டுமே கடல் கடந்து வந்தது.

ஜகார்த்தாவிலிருந்து யோக்யகர்த்தாவுக்கு இரயிலில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். வயல்களும் தென்னந்தோப்புகளும் தொலைவில் எரிமலைகளுமாக வழி இனிது. பகல் வண்டியே சிறந்தது. உணவைப் பற்றி மகளிர் கவலைப்பட வேண்டா. சோறும், சோயாவிலிருந்து செய்யும் தெம்பேயும், நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறியும் எங்கும் கிடைக்கும். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் ‘குதெக்’ யோக்யகர்த்தாவின் பெருமை. புலால் உண்ணாதார் மட்டும், துவையலில் இறால் விழுது சேர்ந்துள்ளதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நல்லது.

போரோபுதூர் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இதைக் கோயில் என்பதைவிடக் கல்லால் போர்த்திய குன்று என்பதே பொருந்தும். உள்ளே கருவறை இல்லை. சுற்றிச் சுற்றி ஏறுவதே வழிபாடு. 504 புத்தர் சிலைகள், மேல்வட்டங்களில் 72 துளைத் தூபிகள், கதை சொல்லும் சிற்பப் பலகைகள் 1,460. இவற்றை இரண்டு மணி நேரத்தில் ஓடிப் பார்த்துத் திரும்புவோரே மிகுதி. தனித்துச் செல்வோர்க்கு அந்த அவசரம் இல்லை. அண்மை ஆண்டுகளில் மேலே ஏறுவோர் தொகைக்கு வரம்பு விதித்துள்ளமையால், முன்பதிவு செய்துகொள்ளாதார் கீழே நின்றே பார்த்துத் திரும்ப நேரும்.

அங்கே இரண்டினை நின்று பார்க்க வேண்டும். ஒன்று, மறைந்த அடித்தளம். கட்டி முடிக்குமுன்பே அடிப்பகுதி முழுவதையும் வேறொரு கல்லடுக்கால் மூடிவிட்டனர். பாரம் தாங்காமல் சரிந்ததனால் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவாரும் உளர். 1885-இல் இது கண்டறியப்பட்டது. மூடிய கற்களைச் சிறிது சிறிதாக அகற்றி, 160 பலகைகளையும் ஜாவாவின் நிழற்படக் கலைஞர் காசியன் செபாஸ் 1890-91-இல் படமெடுத்தபின் மீண்டும் மூடினர். தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் இன்று திறந்திருக்கின்றன. வினைப்பயனைக் காட்டும் இச்சிற்பங்களின் மேல்விளிம்பில் சிற்பிக்கென எழுதிய சிறுகுறிப்புகள் உள்ளன. ‘விரூபம்’, அதாவது அழகற்ற முகம், என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. கீழே சிற்பியும் அவ்வாறே செதுக்கியிருக்கிறான். கோப்பின் ஓரத்தில் மேலதிகாரி எழுதும் குறிப்பை நாள்தோறும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகட்கு முந்திய அந்தக் குறிப்பு மிக நெருங்கிய உறவினரின் கையெழுத்தைப் போலவே தோன்றுகிறது.

மற்றொன்று, கப்பல்கள். சுற்றுச் சுவர்ச் சிற்பங்களில் பக்கமிதவை பூட்டிய பாய்மரக் கலங்கள் உள்ளன. பக்கமிதவை தென்கிழக்காசியத் தீவு மாந்தரின் கைத்திறன். அச்சிற்பத்தைப் பார்த்தே ‘சமுத்திர ரக்ஷா’ என்னும் மரக்கலத்தைக் கட்டி, 2003-இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு, 2004-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கரையை அடைந்தனர். அக்கலம் போரோபுதூர் வளாகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம் கப்பல்கள் அங்கே சென்றன என்று மட்டுமே சொல்லிப் பழகியோர் அதன்முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். அவர்களுக்கும் கப்பல் இருந்தது. வேண்டியதைத் தேடி அவர்களும் வந்தனர், தேர்ந்தெடுத்துக் கொண்டும் சென்றனர்.

காடு மூடிக் கிடந்த இக்குன்றை 1814-இல் ஆங்கில ஆளுநர் இராபிள்சு ஆளனுப்பித் துப்புரவு செய்வித்தார். 1896-இல் வந்த சயாம் மன்னருக்கு டச்சு அரசினர் எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாகத் தந்தனர்! பிறர் வீட்டுப் பொருளைத் தானம் செய்வது எவ்வளவு எளிது. 1975 முதல் 1982 வரை ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனத்தின் துணையோடு நடந்த பணியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் பிரித்தெடுக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, மீண்டும் இடம் சேர்ந்தன. 1985 சனவரியில் வெடிகுண்டு வைத்தனர், ஒன்பது தூபிகள் சிதைந்தன, அவையும் சீர்செய்யப்பட்டன. 2010-இல் மெராபி எரிமலை கக்கிய சாம்பல் முழுவதையும் மூடியது. ஊரார் துடைப்பம் எடுத்து வந்து பெருக்கினர். அவ்வூராருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நகருக்குக் கிழக்கே 17 கிலோமீட்டரில் பிரம்பானான். நடுவிலுள்ள சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். நடு அறையில் சிவன், தெற்கில் அகத்தியர், மேற்கில் கணபதி, வடக்கில் துர்க்கை என அறைகள். தொப்பையும் தாடியும் கமண்டலமுமாக நிற்கும் அகத்தியரைக் கண்டதும் நம்மவர் உள்ளம் நெகிழ்வது இயல்பே. ஆனால் பொதியமலையை இங்கே தேட வேண்டா. ஜாவாவில் அவர் தமிழாசிரியர் அல்லர், சிவகுரு. கிழக்கு ஜாவாவின் தினோயோக் கல்வெட்டு, மரத்தால் ஆன அகத்தியர் திருவுருவம் பழுதடைந்ததால் கி.பி. 760-இல் மன்னன் கருங்கல்லில் புதிதாக அமைத்தான் என்கிறது. துர்க்கையை ஊரார் துர்க்கை என்று சொல்வதில்லை. ‘ரோரோ ஜொங்ராங்’, மெல்லியல் மங்கை, என்பர். ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டினால் மணப்பேன் என்ற இளவரசி, பணி முடியும் நேரத்தில் பெண்களை நெல் குத்தச் செய்து பொழுது விடிந்ததுபோல் சேவல்களைக் கூவவைத்தாள். ஏமாந்தவன் சபித்ததால் ஆயிரமாவது சிலையானாள் என்பது கதை.

சிவன் கோயில் சுற்றுச்சுவரில் தொடங்கும் இராமாயணச் சிற்பம் பிரமன் கோயிலில் முடிகிறது. கதை தெரியும் என்ற துணிவில் விரைந்து செல்லலாகாது. இங்கே சடாயு, சீதை தந்த மோதிரத்தை இராமனிடம் சேர்க்கிறான். வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத செய்தி இது. பழைய ஜாவா மொழி இராமாயணமும் பெரும்பகுதிக்கு முதனூலாகக் கொண்டது வால்மீகியை அன்று, பட்டியின் காவியத்தை. கிடைத்த கதையை அப்படியே பெயர்த்து வைக்காமல் தம் போக்கில் சொல்லிக்கொண்ட மக்கள் அவர்கள். கம்பனைக் கொண்டாடும் நாம் இதில் குறை காண இயலாது.

வளாகத்தில் இன்றும் கற்குவியல்கள் பல கிடக்கின்றன. பார்ப்போர் இதனைப் புறக்கணிப்பு என்று எண்ணிவிடுகின்றனர். ஒரு கோயிலின் மூலக்கற்களில் நான்கில் மூன்று பங்கு கிடைத்தாலன்றி மீண்டும் எழுப்புவதில்லை என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. சிவன் கோயில் 1953-இல்தான் எழுந்து நின்றது. பிரமன் கோயில் 1987-இல், திருமால் கோயில் 1991-இல். 2006 நிலநடுக்கம் மீண்டும் குலைத்தது, மீண்டும் தொடங்கினர். நாகையில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. அங்கே மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களில் உள்ளன; கோபுரம் நின்ற இடத்தில் நமக்குக் காண ஒன்றுமில்லை.

பிரம்பானானிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் சேவு என்னும் பௌத்தக் கோயில் தொகுதி. சற்றுத் தள்ளிப் பிலாவோசான். சைவ அரசனும் பௌத்த அரசியும் சேர்ந்து எடுப்பித்தது இது என்று கருதப்படுகிறது. நேரமுடையோர் சம்பிசாரிக்கும் செல்க. 1966-இல் உழவர் ஒருவரின் மண்வெட்டி ஒரு கல்லில் தட்டியது. தோண்டினால் ஆறரை மீட்டர் ஆழத்தில், எரிமலைச் சாம்பலுக்கடியில், இலிங்கத்தோடு ஒரு முழுக் கோயில்! குளத்தில் இறங்குவதுபோல் படியிறங்கிக் கும்பிட வேண்டியிருக்கிறது.

மலையேறும் வலிமையுள்ளோர் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துத் தியெங் மேட்டுநிலத்துக்கும் செல்லலாம். பனிமூட்டத்திடையே சிறு சிவாலயங்கள். தீவின் கற்கோயில்களுள் மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை. பிற்காலத்தார் அவற்றுக்குப் பாரதப் பெயர்களைச் சூட்டியுள்ளனர்: அர்ச்சுனன், பீமன், கடோத்கசன், சிகண்டி. அர்ச்சுனன் கோயிலுக்கு எதிரே இருப்பது செமார் கோயில். வியாசருக்கு இந்தச் செமாரைத் தெரியாது. தோற்பாவைக் கூத்தில் பாண்டவர்க்கு ஏவலாளாக வந்து, தேவர்களையே கண்டித்துப் பேசும் ஜாவாவின் கிழவன் அவன். அங்கே சிகண்டியும் ஆணன்று. வில்லேந்திய வீராங்கனை, அர்ச்சுனனின் மனைவியருள் ஒருத்தி.

பத்தாம் நூற்றாண்டில் அரசிருக்கை கிழக்கு ஜாவாவுக்கு மாறியது. 1293-இல் தோன்றிய மஜபாகித் பேரரசின் தலைநகர் மொஜகெர்த்தோவை அடுத்த துரோவுலானில் இருந்தது. மெல்லிய செங்கல் வாயில்களும், எலிகளை விரட்டத் தோண்டியபோது 1914-இல் வெளிப்பட்ட நீராழிக் கோயிலும், பெரிய குளமும் பல கல் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. மிதிவண்டி எடுத்துச் சுற்றுவதே வசதி. அங்குள்ள திரோலோயோ இடுகாட்டில் பதினான்காம் நூற்றாண்டு முஸ்லிம் கல்லறைகள் இருக்கின்றன. இந்து அரசு உச்சத்திலிருந்த நாளிலேயே அதன் தலைநகரில் முஸ்லிம்கள் வாழ்ந்து மறைந்தனர். ஒரு நாள் வாள்முனையில் எல்லாம் மாறிற்று என்று எண்ணுவோர் அக்கற்களின் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இறுதியாக வடகரையோரம் சமாராங்குக்குக் கிழக்கே குதுஸ் என்னும் ஊர். 1549-இல் நிறுவப்பட்ட பள்ளிவாசலின் மினாரா, மஜபாகித் காலச் செங்கற்கோயில் போன்றே அமைந்திருக்கிறது. வாயிலும் கோயில் வாயிலே. அங்குச் சமயம் பரப்பிய சுனான் குதுஸ், இந்துக்களின் உள்ளம் புண்படலாகாதென்று பசுவை அறுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார் என்பது ஊர் வழக்கு. இன்றும் அவ்வூர் உணவுக்கடைகளில் எருமை இறைச்சிதான் சமைக்கிறார்கள். பக்ரீத் பெருநாளிலும் மரபு வழுவாதோர் எருமையையே பலியிடுகின்றனர். மாலைத் தொழுகை நேரத்தில் மினாரா முற்றத்தில் கூட்டம் மிகுந்துவிடும். ஆகவே காலையில் சென்று பார்த்துவிட்டு, பிற்பகல் சமாராங் திரும்பினால், கடலை ஒட்டியே ஓடும் இரயிலில் அன்றிரவே ஜகார்த்தா வந்து சேரலாம்.